வாடகை வீட்டில் பழுது: ஏற்பாடு யாருடைய பொறுப்பு?

குளியலறையை ஒட்டிய சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத்திட்டு தெரிகிறது. குடியிருப்பவர் அதைப் பார்க்கிறார். சுவர் உரிமையாளருடையது, அவர் வந்து கவனிப்பார் என்று விட்டுவிடுகிறார். வேறு ஊரில் இருக்கும் உரிமையாளருக்கோ அப்படியொரு திட்டு இருப்பதே தெரியாது. மூன்று மாதம் கழித்து, பூச்சு உதிர்ந்து, அலமாரியின் பின்பலகை உப்பி, உள்ளே மடித்து வைத்த துணிகளில் பூஞ்சணம் பிடித்த பிறகு இருவரும் பேசத் தொடங்கும்போது, குற்றம் யாருடையது என்பதிலேயே பேச்சு முழுவதும் கழிந்துவிடுகிறது. சுவர் அப்படியே ஈரமாக இருக்கிறது.

வாடகை வீட்டுப் பழுது பற்றி நாம் வழக்கமாகக் கேட்பது ஒரே கேள்விதான்: இதை யார் பார்த்துக்கொள்ள வேண்டும்? அதற்குள் மூன்று தனிக் கேள்விகள் அடங்கியிருக்கின்றன. பழுதைத் தெரிவிக்க வேண்டியவர் யார், ஆளை அழைத்து வேலையைச் செய்விக்க வேண்டியவர் யார், செலவை ஏற்க வேண்டியவர் யார் என்பவையே அவை. ஒரே பழுதுக்கு இம்மூன்றின் விடையும் வெவ்வேறாக இருக்கலாம். முதல் கேள்விக்கு மட்டும் அநேகமாக எப்போதும் ஒரே விடைதான். வீட்டுக்குள் வாழ்பவரே பழுதை முதலில் காண்பவர் என்பதால், தெரிவிக்க வேண்டியவரும் அவரே. மற்ற இரண்டும், பழுதான பொருள் எது, பழுதின் காரணம் எது என்பவற்றைப் பொறுத்து மாறும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கப் பழகிக்கொண்டால் பெரும்பாலான தகராறுகள் முளையிலேயே நின்றுவிடும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாடகை எதற்காகக் கொடுக்கப்படுகிறது?

வாடகை என்பது வீட்டைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். வீட்டின் மதிப்பு உயர்ந்தால் அந்தப் பலன் உரிமையாளருக்குப் போகிறது. கூரையும் சுவரும் குழாய்களும் குடியிருப்பவர் சென்ற பின்னும் உரிமையாளரிடமே இருக்கின்றன. ஆகவே, வீடு வாழத்தக்கதாகத் தொடர்ந்து இருப்பதற்குத் தேவையான பெரிய வேலைகளை உரிமையாளர் செய்ய வேண்டும் என்பது இன்று பல நாடுகளின் சட்டங்களும் ஏற்கும் அடிப்படை. ஜெர்மனியின் குடிமையியல் சட்டத் தொகுப்பின் 535ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது: ஒப்பந்தப்படி பயன்படுத்தத் தக்க நிலையில் பொருளை ஒப்படைப்பது மட்டுமல்லாமல், வாடகைக் காலம் முழுவதும் அந்த நிலையிலேயே அதை வைத்திருப்பதும் உரிமையாளரின் கடமை.

ஆனால் எல்லா நாடுகளிலும் தொடக்கத்திலிருந்தே இப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தில் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே உருவான பழைய பொதுச் சட்டத்தில், குத்தகை என்றால் முதன்மையாக நிலம். அதன் மேல் இருக்கும் குடிசையைச் செப்பனிட்டுக்கொள்ளும் கைத்திறன் உழவருக்கு உண்டு என்று சட்டம் கருதியது. எனவே தனியாக வாக்குக் கொடுத்திருந்தால் அன்றி, பழுது பார்க்கும் கடமை உரிமையாளருக்கு இல்லை. அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாம் தளத்தில் வாழ்பவரால் பொதுவான தண்ணீர்க் குழாயையோ மின்கம்பித் தடத்தையோ தானாகத் திறந்து சரிசெய்ய முடியாது என்ற உண்மை அந்த விதிக்குள் பொருந்தவில்லை. 1970இல் வாஷிங்டன் நகரிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், ஜாவின்ஸ் என்று அறியப்படும் வழக்கில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தது. நகரத்தில் வீடு தேடுபவர் சுவர், கூரை ஆகியவற்றோடு வெளிச்சம், வெப்பம், குழாய் வசதி, பாதுகாப்பான கதவு சன்னல் எல்லாம் சேர்ந்த ஒரு தொகுப்பையே வாடகைக்கு எடுக்கிறார் என்றும், வீடு வாழத்தக்கதாக இருக்கும் என்ற உறுதிமொழி ஒப்பந்தத்தில் எழுதப்படாவிட்டாலும் உள்ளடங்கியிருக்கிறது என்றும் அது தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் இன்று இக்கொள்கையை ஏதேனும் ஒரு வடிவில் ஏற்றிருக்கின்றன.

உரிமையாளர் பக்கம் நிற்பவை

கட்டடத்தோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தவை உரிமையாளரின் பொறுப்பு என்று தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம். அடித்தளம், சுவர், தளம், கூரை, மழைநீர் வடியும் குழாய், சுவருக்குள் செல்லும் தண்ணீர்க் குழாய், மின்கம்பித் தடம், கழிவுநீர்ப் பாதை ஆகியவை இதில் அடங்கும். இங்கிலாந்தில் 1985ஆம் ஆண்டின் உரிமையாளர்-வாடகைதாரர் சட்டத்தின் 11ஆவது பிரிவு, 7 ஆண்டுக்குக் குறைந்த வாடகைகளில் கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், எரிவாயு, மின்சாரம், கழிப்பிடம், வெப்பமூட்டல் ஆகியவற்றுக்கான நிலையான அமைப்புகளையும் உரிமையாளரே பழுது பார்க்க வேண்டும் என்கிறது. நீதிமன்றத்தின் ஒப்புதல் இன்றி இந்தக் கடமையை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதித் தட்டிக்கழிக்க முடியாது.

இந்தியாவில் 2021 ஜூன் மாதம் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையும் ஏறத்தாழ இதே கோட்டைத்தான் வரைகிறது. குடியிருப்பவர் விளைவித்த சேதம் நீங்கலான கட்டமைப்புப் பழுதுகள், சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வண்ணம் பூசுதல், தேவைப்படும்போது குழாய்களை மாற்றுதல், உள்ளும் புறமும் உள்ள மின்கம்பி வேலைகள் ஆகியவற்றை உரிமையாளர் பக்கம் வைக்கிறது. ஆனால் இது மாநிலங்கள் தத்தமக்கு ஏற்ப எடுத்துக்கொள்வதற்கான மாதிரி. மேலும், எழுத்து வடிவிலான ஒப்பந்தம் வேறு விதமாகச் சொன்னால் ஒப்பந்தமே நிற்கும். ஒரு நாட்டில் ஒப்பந்தத்தை மீறி நிற்கும் விதி, இன்னொரு நாட்டில் ஒப்பந்தத்துக்கு வழிவிடுகிறது. ஆகவே கையெழுத்திடும் முன் பராமரிப்பு பற்றிய பகுதியை ஒரு முறைக்கு இரு முறை படிப்பது அவசியம். "எல்லாப் பராமரிப்பும் வாடகைதாரரைச் சேரும்" என்ற ஒற்றை வரியின் கீழ் பலர் படிக்காமலே கையெழுத்திடுவதை நினைத்தால் எனக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

குடியிருப்பவர் பக்கம் நிற்பவை

அன்றாடப் புழக்கத்தில் கைபட்டுத் தேயும் சிறு பொருள்கள் பொதுவாகக் குடியிருப்பவரின் கவனத்துக்கு உரியவை. 1953இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் நீதிபதி, ஒரு வாரவாடகைக் குடித்தனக்காரரின் கடமை எதுவரை என்பதை விளக்கியபோது பெரிய கோட்பாடுகளுக்குள் போகவில்லை. தன் கழிவால் தொட்டி அடைத்துக்கொண்டால் அதை நீக்க வேண்டும், மின்விளக்கு உருகிப்போனால் சரிசெய்ய வேண்டும், சன்னல்களைத் துடைக்க வேண்டும், குளிர்காலத்தில் வெளியூர் சென்றால் தண்ணீரை மூடிவிட்டுச் செல்ல வேண்டும். சுருங்கச் சொன்னால், பொறுப்புள்ள ஒருவர் தான் வாழும் இடத்தில் செய்யும் சின்னஞ்சிறு வேலைகளைச் செய்ய வேண்டும். வீட்டுக்கு வேண்டுமென்றோ கவனக்குறைவாலோ சேதம் விளைவிக்கக் கூடாது. இதற்கு மேல், காலம் சென்றதால் வீடு பழுதடைந்தால் அது அவருடைய பொறுப்பன்று. எழுபது ஆண்டுகள் கடந்தும் இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

பிரான்சு இந்தச் சிறு வேலைகளை 1987 ஆகஸ்ட் 26ஆம் நாள் ஆணை ஒன்றின் வழியே பட்டியலாகவே வகுத்துவிட்டது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் இடுவதும், சுவரில் ஆணியடித்த துளைகளை அடைப்பதும், குழாயின் வாஷரை மாற்றுவதும் குடியிருப்பவரைச் சேர்கின்றன. இந்திய மாதிரிச் சட்டத்தின் பட்டியலும் குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயின்ட், கதவுப்பிடி, பூட்டு, சன்னல் கண்ணாடி, கழிவுநீர் வடிகால் சுத்தம் போன்றவற்றைக் குடியிருப்பவரிடம் தருகிறது.

பட்டியலைப் பார்த்த உடனே எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. குழாய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாஷர் தேய்ந்திருந்தால் அது சிறு வேலை, குடியிருப்பவரே மாற்றிக்கொள்ளலாம். சுவருக்குள் இருக்கும் இரும்புக் குழாய் துருப்பிடித்துக் கசிந்தால், வெளியே தெரிவது அதே சொட்டாக இருந்தாலும், வேலை உரிமையாளருடையது. சமையலறைத் தொட்டியில் எண்ணெய்ப் பிசுக்கும் சோற்றுப் பருக்கையும் அடைத்துக்கொண்டால் அது குடியிருப்பவருடையது. வெளியே மண்ணுக்கடியில் மரவேர் புகுந்து கழிவுநீர்க் குழாய் உடைந்ததால் அதே தொட்டியில் தண்ணீர் தேங்கினால் அது உரிமையாளருடையது. சுவிட்ச் ஒன்று உடைந்தால் மாற்றிவிடலாம். புதிதாக மாற்றிய சுவிட்சும் கருகினால், குற்றம் பெரும்பாலும் அதற்குப் பின்னால் உள்ள கம்பியில் அல்லது இணைப்பில் இருக்கிறது. அறிகுறியைப் பார்த்துப் பொறுப்பைத் தீர்மானிக்க முடியாது, காரணத்தைக் கண்டுபிடித்த பின்புதான் தீர்மானிக்க முடியும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன். காரணம் தெரியாத நிலையில், வந்து பார்த்துக் கண்டறிய ஏற்பாடு செய்வது உரிமையாளரின் வேலை என்று கொள்வதே நியாயம். குடியிருப்பவரால் ஏற்பட்டது என்று தெரிந்தால் செலவைப் பின்னர் அவரிடம் பெற்றுக்கொள்ளலாம்.

சுவரில் ஈரமும் பூஞ்சணமும்

எல்லாப் பழுதுகளிலும் அதிகப் பழிச்சொல்லை உண்டாக்குவது சுவரின் ஈரம். இதற்கு முக்கியமாக நான்கு மூலங்கள் உண்டு. மழைக்குப் பின் பரவி, வெயிலில் வெளிறும் கறை பெரும்பாலும் வெளிச்சுவர் அல்லது கூரையின் வெடிப்பிலிருந்து வருகிறது. மழையோ வெயிலோ எந்நேரமும் ஈரமாகவே இருக்கும் திட்டு, குழாய்க் கசிவைக் காட்டுகிறது. தரையிலிருந்து மேலேறி, ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குள் உப்புப் பூத்த கோடாக நிற்பது, நிலத்தின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சுவதால் உண்டாகும் ஓதம். நான்காவது, அறைக்காற்றில் உள்ள நீராவி குளிர்ந்த சுவரில் பட்டு நீராவது; இது அறையின் மூலைகளிலும், பெரிய அலமாரிகளின் பின்புறத்திலும், சன்னல் ஓரங்களிலும் கரும்புள்ளிகளாகத் தொடங்கும்.

முதல் மூன்றும் ஐயத்துக்கு இடமின்றி உரிமையாளரின் வேலை. நான்காவதில்தான் "நீங்கள் சன்னலைத் திறப்பதில்லை, துணியை உள்ளேயே உலர்த்துகிறீர்கள்" என்ற குற்றச்சாட்டு எழுகிறது. காற்றோட்டத்துக்கு இடம் கொடுப்பது குடியிருப்பவரின் கடமை என்பது உண்மையே. ஆனால் திறப்பதற்குச் சன்னலே இல்லாத குளியலறையில், ஓடாத புகைபோக்கி விசிறியை வைத்துக்கொண்டு ஒருவர் எவ்வளவுதான் கவனமாக வாழ்ந்தாலும் பூஞ்சணம் வரும். இங்கிலாந்தின் ரோச்டேல் நகரில் ஒரு குடும்பம் 2017ஆம் ஆண்டிலேயே தங்கள் வாடகைக் குடியிருப்பில் பூஞ்சணம் இருப்பதைத் தெரிவித்திருந்தது. அது தீர்க்கப்படவில்லை. 2020 டிசம்பரில் அந்த வீட்டின் இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் உண்டான கடுமையான மூச்சுப் பாதிப்பே காரணம் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி முடிவு செய்தார். அதன் விளைவாக வந்த விதிகள், இங்கிலாந்தில் உள்ளாட்சிகளும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்குத் தரும் சமூக வாடகை வீடுகளில் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்தன. உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடி ஆபத்து இருந்தால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை. குறிப்பிடத்தக்க ஈரமும் பூஞ்சணமும் இருப்பதாகத் தெரிவித்தால் 10 வேலை நாள்களுக்குள் ஆய்வு. குடியிருப்பவரின் வாழ்க்கை முறையைக் குறை சொல்லிவிட்டு ஆய்வைத் தள்ளிப்போடும் பழக்கம் எவ்வளவு பெரிய விலையைக் கேட்கக்கூடும் என்பதை இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

சொல்லாத பழுதுக்கு யார் பொறுப்பு?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும். கட்டுரையின் மையமும் அதுதான். வீட்டுக்குள் நடக்கும் பழுதைப் பொறுத்தவரை, அது தெரிந்த பிறகே உரிமையாளரின் கடமை உயிர்பெறுகிறது. 1973இல் ஓபிரையன் எதிர் ராபின்சன் வழக்கில், படுக்கையறையின் கூரைப்பூச்சு விழுந்து குடியிருந்தவர்கள் காயமுற்றார்கள். அதில் இருந்த மறைவான குறை பற்றி உரிமையாளருக்கு எந்தத் தகவலும் கிடைத்திருக்கவில்லை என்பதால் அவரைப் பொறுப்பாக்க முடியாது என்று அன்று உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஜெர்மானியச் சட்டத்தின் 536c பிரிவு இன்னும் ஒரு படி மேலே சென்று, குறையைக் கண்டும் தாமதமின்றித் தெரிவிக்காத குடியிருப்பவர், அதனால் விளைந்த சேதத்துக்கு ஈடு கொடுக்க நேரிடும் என்கிறது. உள்ளங்கை அளவில் இருந்தபோது சொல்லியிருந்தால் உரிமையாளரின் செலவாக முடிந்திருக்கும் ஈரத்திட்டு, சொல்லாமல் விட்டதால் குடியிருப்பவரின் தலையில் ஓரளவு விழுவது இவ்வாறுதான்.

தெரிவிப்பது என்றால் எழுத்தில் தெரிவிப்பது. வாசலில் நின்று பேசியதும் தொலைபேசியில் சொன்னதும் ஆறு மாதம் கழித்து இருவர் நினைவிலும் வேறு வேறாக இருக்கும். கைபேசிச் செய்தியே போதுமானது. என்ன, எங்கே, எப்போதிலிருந்து, எப்போது வந்து பார்க்கலாம் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். ஒரு மாதிரி இது:

"வணக்கம் ஐயா. குளியலறையை ஒட்டிய படுக்கையறைச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் திங்கட்கிழமை முதல் ஈரம் தெரிகிறது. குழாயை மூடி வைத்த நேரத்திலும் குறையவில்லை. படங்கள் இணைத்துள்ளேன். பிளம்பரை அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மாலை ஐந்து மணிக்குப் பின் எந்த நாளும் வீட்டில் இருப்பேன்."

இதில் குற்றச்சாட்டும் இல்லை, மிரட்டலும் இல்லை. பிறகு எந்த மன்றத்தின் முன் நிற்க நேர்ந்தாலும் இந்தச் செய்தியே முதல் ஆவணமாக இருக்கும். அடுக்குமாடியில் மேல்வீட்டிலிருந்து தண்ணீர் இறங்கினாலும் இதே வழிதான்: குடியிருப்பவர் தன் உரிமையாளருக்குத் தெரிவிக்க, மேல்வீட்டாரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் பேசித் தீர்ப்பது உரிமையாளரின் வேலை.

காத்திருக்க முடியாத வேளைகளும் உண்டு. குழாய் வெடித்தால் முதலில் தண்ணீரின் முதன்மை வால்வையும், மின்கருகல் நாற்றம் வந்தால் மெயின் சுவிட்சையும் மூட வேண்டியவர் அங்கே இருப்பவரே. வீட்டுக்குக் குடிவந்த அன்றே இவை எங்கே இருக்கின்றன என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. உரிமையாளரை உடனே அழைக்க வேண்டும். அவர் கிடைக்காவிட்டால், சேதம் பரவாமல் தடுக்கத் தேவையான அளவுக்கு மட்டும் ஆளை வைத்து வேலை செய்து, ரசீதையும் படத்தையும் வைத்துக்கொள்வது பொறுத்துக்கொள்ளத்தக்கது. நிரந்தரச் சீரமைப்பை அந்த அவசரத்தில் தொடங்கக் கூடாது.

செலவு ஒருவருடையது, ஏற்பாடு மற்றவருடையது

குடியிருப்பவரின் கவனக்குறைவால் குளியலறைக் குழாயின் இணைப்பு உடைந்துவிட்டது என்றால் செலவு அவருடையது. இதில் பெரிய வாதம் இல்லை. ஆனால் ஆளைத் தேர்ந்தெடுப்பது யார்? குழாய், மின்கம்பி, பூச்சு என்று கட்டடத்தோடு சேர்ந்த எதுவாயினும் உரிமையாளரே ஆளை ஏற்பாடு செய்வது சரி என்பது என் கருத்து. வேலை மோசமாக முடிந்தால் அதன் பலனை ஆண்டுக்கணக்கில் சுமக்கப்போவது அவருடைய கட்டடம். அதே நேரம், பணம் கொடுப்பவர் குடியிருப்பவர் என்பதால், வேலை தொடங்கும் முன்பே மதிப்பீட்டைப் பார்க்கவும், மிகையாகத் தோன்றினால் இன்னொருவரிடம் விலை கேட்கவும் அவருக்கு உரிமை இருக்க வேண்டும். பூட்டு, கதவுப்பிடி போன்றவற்றில் இந்தச் சுற்றெல்லாம் வேண்டியதில்லை. அவரே மாற்றிவிட்டுத் தெரிவித்தால் போதும்.

ஏற்பாடு உரிமையாளருடையது என்றால், உள்ளே வரும் வழியையும் குடியிருப்பவர் தர வேண்டும். வாடகைக் காலத்தில் அந்த வீடு குடியிருப்பவரின் இல்லம்; மாற்றுச் சாவி இருக்கிறது என்பதற்காக உரிமையாளர் நினைத்த நேரத்தில் நுழைய முடியாது. இங்கிலாந்துச் சட்டமும் இந்திய மாதிரிச் சட்டமும் 24 மணி நேர முன்னறிவிப்பைக் கேட்கின்றன. முன்னறிவிப்போடு வரும் ஆளை மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டு, பழுது பார்க்கவில்லை என்று முறையிடுவதும் செல்லாது.

உரிமையாளர் செய்யாவிட்டால்

எழுதிச் சொல்லியும், நியாயமான காலம் கொடுத்தும் வேலை நடக்கவில்லை என்றால் பல நாடுகளின் சட்டம் ஒரு வழி தருகிறது. தானே செய்து வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்பது அது. இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவிலேயே இது இருக்கிறது: உரிமையாளர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவிப்புக்குப் பின் நியாயமான காலத்துக்குள் அவர் செய்யத் தவறினால், குடியிருப்பவர் செய்து, செலவை வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். மாதிரி வாடகைச் சட்டம், எந்த ஒரு மாதத்திலும் கழிக்கும் தொகை அம்மாத வாடகையில் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பிடுகிறது. கலிபோர்னியாவில் ஒரு மாத வாடகைக்கு மிகாத வேலைக்கு, 12 மாதத்தில் இரண்டு முறைக்கு மேல் இந்த வழியைப் பயன்படுத்த முடியாது. ஜெர்மனியில் வழி வேறு. குறை இருக்கும் காலத்துக்கு, அதன் அளவுக்கு ஏற்ப வாடகையே குறைந்துவிடுகிறது.

இவற்றை, வாடகையை முற்றாக நிறுத்திவிடுவதற்கான பொது அனுமதியாகக் கொள்ளக் கூடாது. கோபத்தில் வாடகையை நிறுத்தியவர், பழுது பற்றிய நியாயம் முழுவதும் தன் பக்கம் இருந்தும், வாடகை பாக்கி என்ற ஒரே காரணத்தால் வீட்டைக் காலி செய்ய நேரிடலாம். அதுபோலவே, உரிமையாளரும் தகராறைச் சாக்காக வைத்துத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்க முடியாது. பழுது பார்க்காமல் வாழவே முடியாத நிலையில், உரிமையாளர் எழுத்து மூலமான கோரிக்கைக்குப் பின்னும் மறுத்தால், மாதிரிச் சட்டத்தின்படி 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்து வீட்டைவிட்டு வெளியேறலாம்.

காலி செய்யும் நாளில்

இதுவரை பேசிய எல்லாமே முன்பணத்தைத் திருப்பும் நாளில் மீண்டும் தலைதூக்கும். இயல்பான தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்பதை 1882ஆம் ஆண்டுச் சட்டமும் ஜெர்மானியச் சட்டமும் ஒரே குரலில் சொல்கின்றன. வெயில் பட்டு வெளிறிய வண்ணமும், நடந்து நடந்து மங்கிய தரையும் தேய்மானம். எரிந்த தடமும், பெயர்ந்த ஓடும், உடைந்த கண்ணாடியும் சேதம். இரண்டுக்கும் நடுவே வாதம் வராமல் இருக்க ஒரே வழி, குடிவரும் நாளில் ஒவ்வோர் அறையையும் இருவருமாகச் சுற்றிப் பார்த்து, ஏற்கெனவே உள்ள கீறலையும் கறையையும் படமெடுத்துக் குறித்துக்கொள்வது. குடியிருப்பவர் தாமாகப் பொருத்திய விசிறி, தண்ணீர்ச் சுத்திகரிப்பான், சுவர் அலமாரி ஆகியவற்றின் பழுது தொடக்கத்திலிருந்து அவருடையதே. வெளியேறும்போது அவற்றைக் கழற்றிச் செல்லலாம். கழற்றிய இடத்துத் துளைகளை அடைத்து, சுவரைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்.